ஊரில் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறவனுக்கு சென்னையில் ஒரு கிலோமீட்டர் ஏன் அலுக்கிறது?

கேட்டிருந்தது இது: "தேவகோட்டைக்காரன் நான். ஊரில் தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடப்பேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு மூன்று முறை நடந்து போயிருக்கிறேன். எட்டு மாதமாக சென்னையில் வேலை. வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. போய்ச் சேருவதற்குள் கால் கடுக்கிறது, மனசும் சலித்துப்போகிறது. எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். பெருநகரத்து நடைக்கு என்று ஒரு தாளம் இருக்கிறதா? எனக்குத்தான் அது வரவில்லையா? செருப்பை மாற்றிப் பார்க்கவா?"

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காலில் கோளாறு எதுவும் இல்லை. நானும் நம் பக்கத்து ஆள்தான், பள்ளத்தூரில் பிறந்தவன். சாலைக்கும் நடைபாதைக்கும் வரைபடம் போடுகிற வேலையில் சென்னையில் 27 வருஷம் இருந்துவிட்டு, இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். நீங்கள் கேட்டிருப்பது நான் டேப்பும் நோட்டுமாகத் தெருவில் நின்று பல வருஷம் யோசித்த விஷயம். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஊரில் நடை வேகமாகிவிடும் என்பார்கள். உண்மைதான். அதற்கு அளவெடுத்த கணக்கே இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆனால் உங்களை அலுக்க வைப்பது அந்த வேகம் கிடையாது. ஒரே சீராகப் போக வேண்டிய நடையை சென்னையின் பாதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. கால் கடுப்பதும் அதனால்தான், மனசு சலிப்பதும் அதனால்தான்.

நம் வீட்டு வளவில் தொங்கும் பலகை ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வீச்சுக்குத்தான் காலை நன்றாக ஊன்றி உந்த வேண்டியிருக்கும். ஆடத் தொடங்கிவிட்டால் கட்டைவிரல் தரையை லேசாகத் தொட்டாலே போதும், பேசிக்கொண்டே அரை மணி நேரம் ஆடலாம். யாராவது குழந்தை ஓடிவந்து மூன்று வீச்சுக்கு ஒரு தரம் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினால்? ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து உந்த வேண்டும். பத்து நிமிஷத்தில் தொடை வலிக்கும்.

மனிதன் நடப்பதும் இப்படி ஒரு வீச்சுதான். ஊன்றிய காலின் மேல் உடம்பு வில்லாக எழும்பி இறங்குகிறது. எழும்பும்போது சேர்ந்த உயரம், இறங்கும்போது வேகமாகத் திரும்பக் கிடைக்கிறது. நமக்கு வசதியான வேகத்தில் சீராகப் போனால் ஒவ்வொரு அடியிலும் உடம்பை எழுப்பி நகர்த்தும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கைமாறித் திரும்பிவிடும். மிச்சத்தைத்தான் தசை போட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அந்த வசதியான வேகம் நொடிக்கு 1.3 மீட்டர் பக்கம். அடிக்கணக்கில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கால் தானே கண்டுபிடித்துக்கொள்கிற வேகம் இது. நின்றால், திரும்பினால், இறங்கினால், ஏறினால் இந்தக் கைமாற்று அறுந்துபோகும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2015இல் இதை அளந்து வெளியிட்டார்கள். ஒரே வேகத்தில் நடப்பதைவிட, சராசரி வேகம் மாறாமலே கூட்டிக் குறைத்து நடந்தால் உடம்புக்கு 6 முதல் 20 சதவீதம் வரை கூடுதல் செலவு ஆகிறது. அதுவும் சமதளமான ட்ரெட்மில்லில், மேடு பள்ளம் எதுவும் இல்லாமல். நம் பிளாட்பாரத்தில் எவ்வளவு ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பழனிக்கு நடந்தவர் என்பதால் இதை உங்களுக்குச் சொல்வது சுலபம். குன்றக்குடியிலிருந்து காவடி கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். நகரத்தார்கள், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழி. நான் சென்னையில் இருந்தபோதும் லீவு போட்டுவிட்டு நாலு வருஷம் வந்து நடந்தேன். அதில் ஒரு இரவு எனக்கு மறக்காது. சிங்கம்புணரி தாண்டி நத்தம் ரோடு, தை மாதத்துப் பனி. என் முன்னால் ஒரு ஆச்சி, எழுபது வயசு இருக்கும். தோளில் மஞ்சள் பை, பைக்குப் பின்னால் வண்டி விளக்குக்கு மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர், வெறுங்கால். அவர் குதிகால் தார் ரோட்டில் பதிகிற சத்தம் மட்டும் கேட்டது. தப், தப், தப். எப்போது என்று தெரியவில்லை, என் காலும் அதே கணக்கில் விழ ஆரம்பித்துவிட்டது. பின்னால் யாரோ "அரோகரா" என்றால் வாய் மட்டும் பதில் சொல்லும், கால் அதன் போக்கில் போகும். தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கக் கை நீட்டிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. கொப்புளம் இருந்தது, முழங்கால் வலி இருந்தது, ஆனால் சலிப்பு மட்டும் இல்லை.

அந்த ரோடு ஒன்றும் விசேஷமான ரோடு இல்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போனார்கள். குறுக்கே எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தடவை பழனியிலிருந்து சென்னை திரும்பிய மறுவாரம், என் தங்கை வீட்டிலிருந்து பக்கத்து ரயில் நிலையத்துக்கு நடந்தேன். மொத்தம் 600 மீட்டர். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. நடை அறுபடும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போட வேண்டும், அதற்கு முன்னால் தடையில்லாமல் எத்தனை அடி வைத்தேன் என்று எழுத வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கேட்டைத் தாண்டி 22 அடி. மின்வாரியப் பெட்டி ஒன்று பாதையின் நடுவில் குறுக்காக நின்றது. ரோட்டில் இறங்கினேன். திரும்ப ஏறி 9 அடி. கார் ஏறுவதற்கு ஒரு வீட்டுக்காரர் போட்ட சிமெண்டுச் சரிவு, கணுக்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்து 31. இஸ்திரி வண்டி, அதன் பக்கத்தில் துணி மூட்டை. அந்த அண்ணன் பாதி வழி விட்டுத்தான் நின்றிருந்தார். மீதிப் பாதியில் ஒரு பைக். மறுபடி இறங்கினேன். மழைநீர் வடிகால் மூடி ஒன்று ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. 6 அடி. எதிரே ஒரு அம்மா பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார், இரண்டு பேர் ஒதுங்க இடம் இல்லை, நான் நின்றேன். இப்படியே போய்ச் சேர்ந்தேன். 600 மீட்டர் என்றால் சுமார் 850 அடி. அதில் நான் இறங்கி ஏறியது 11 தடவை. ஒரே மூச்சாக அறுபடாமல் வைத்த அடிகளில் அதிகம் 74, அதுவும் ஒரு கோயில் மதில் ஓரமாக. சீராக நடந்தால் எட்டு நிமிஷம். அன்று பதினான்கு நிமிஷம் ஆனது. சட்டை நனைந்துவிட்டது. கடலோர ஊர், காற்றில் ஈரம், வேர்வை சீக்கிரம் காயாது. உங்கள் அலுப்பில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். நிலையத்துக்கு வருவதற்குள் வழியில் என்ன கடை இருந்தது, எந்த மரம் இருந்தது என்று ஒன்றும் நினைவில் இல்லை. முழு நேரமும் என் கண் தரையில்தான் இருந்திருக்கிறது. நத்தம் ரோட்டில் கால் தானாகப் போனதால் மனசு சும்மா இருந்தது. இங்கே ஒவ்வொரு அடிக்கும் மனசு காவல் நிற்க வேண்டியிருந்தது. நீங்கள் சொன்ன மனச்சலிப்பு இதுதான்.

இனி வேகத்துக்கு வருகிறேன். ஊர் பெரிதாக ஆக நடை வேகமாகிறது என்பதை முதலில் தெளிவாக அளந்தவர்கள் மார்க் போர்ன்ஸ்டீனும் ஹெலன் போர்ன்ஸ்டீனும். பல நாடுகளில் 15 ஊர்களில் அளந்து 1976இல் வெளியிட்டார்கள். மக்கள்தொகை கூடக் கூட நடை வேகமும் கூடியது. 2007இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்கிற இங்கிலாந்து உளவியலாளர் 32 நகரங்களில், தனியாக நடந்து போகிறவர்கள் 60 அடி (சுமார் 18 மீட்டர்) தூரத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளக்க ஏற்பாடு செய்தார். முதலிடம் எது தெரியுமா? நம் பெரியவர்கள் கொண்டுவிற்கப் போன அதே சிங்கப்பூர். சராசரி 10.55 நொடி. மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல். கடைசியில் இருந்தது ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளான்டையர், 31 நொடிக்கு மேல்.

ஏன் இந்த வித்தியாசம்? பெரிய ஊரில் நேரத்துக்கு விலை அதிகம், சம்பளமும் வாடகையும் அப்படி என்பது ஒரு பதில். சத்தமும் முகங்களும் வெளிச்சமும் தாங்காமல் சீக்கிரம் கடந்துவிடப் பார்க்கிறோம் என்பது போர்ன்ஸ்டீன்கள் சொன்ன பதிலை ஒட்டியது. எனக்கு மூன்றாவதாக ஒன்றும் படுகிறது. வேலைக்கு வந்த இளவயசுக்காரர்கள் பெரிய ஊரில் அதிகம். நம் ஊர்களில் வீட்டைக் காத்துக்கொண்டு இருப்பவர்கள் பெரியவர்கள். கானாடுகாத்தானில் காலையில் ரோட்டில் நடப்பவர்களை எண்ணிப் பாருங்கள், பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஊர் நிதானமாக நடக்கிறது என்று நாம் சொல்வதில் வயசுக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் சிங்கப்பூர்க்காரர் வேகமாக நடக்க முடிவது அவர் அவசரத்தால் மட்டும் இல்லை. அங்கே பாதை அவருக்கு இடம் விடுகிறது. சென்னையில் அவசரம் சிங்கப்பூர் அளவுக்கு வந்துவிட்டது, பாதை வரவில்லை. மனசு முன்னால் ஓடுகிறது, கால் மின்வாரியப் பெட்டியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எட்டு மாதமாக நீங்கள் அனுபவிப்பது இந்த இழுபறியைத்தான்.

அப்புறம், உங்களைத் தாண்டிப் போகிறவர்கள். அவர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது, அது கற்றுக்கொள்ளக்கூடியது. கூட்டத்தில் இரண்டு திசையிலும் ஆட்கள் போகும்போது யாரும் கோடு போடாமலே வரிசைகள் தானாக உருவாகும். முன்னால் போகிறவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது, எதிரே வருகிறவரை ஒவ்வொரு தரமும் விலக்குவதைவிடச் சுலபம் என்பதால் அப்படி ஆகிறது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெருவில் சாயங்காலம் இறங்கிப் பாருங்கள். மேலே இருந்து பார்த்தால் இரண்டு கயிறுகள் எதிரெதிராக நழுவுவது மாதிரி இருக்கும். அந்தத் தெருவில் நெளிந்து நெளிந்து போகிறவன்தான் களைத்துப்போவான். ஒரு முதுகைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னால் போகிறவன் அதே நேரத்தில் வந்துவிடுவான், மூச்சு வாங்காமல்.

இந்த விஷயத்தில் நம் மக்களைப் பற்றி ஒரு ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். 2009இல் வெளிவந்தது. ஜெர்மனியிலும் இங்கே கான்பூரிலும் ஒரே மாதிரி பாதையில் ஆட்களை வரிசையாக நடக்க விட்டு அளந்தார்கள். ஆள் குறைவாக இருந்தபோது இரண்டு நாட்டாரும் கிட்டத்தட்ட ஒரே வேகம். நெரிசல் கூடியபோது ஜெர்மானியர்கள் சட்டென்று வேகம் குறைத்தார்கள், நம்மவர்கள் அவ்வளவு குறைக்கவில்லை. நமக்கு முன்னால் தேவைப்படும் இடைவெளி குறைவு. தேர் இழுக்கிற கூட்டத்திலும் திருவிழாச் சந்தையிலும் சின்ன வயசிலிருந்து தோளோடு தோள் இடித்து வளர்ந்தவர்களுக்கு நெரிசல் ஒரு பெரிய விஷயமே இல்லை. சென்னையில் உங்களைக் களைக்க வைப்பது கூட்டம்தான் என்று நினைத்திருந்தால், அந்தக் குற்றத்தைக் கூட்டத்தின் மேல் போட வேண்டாம்.

கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் வேறு. ஜப்பானில் 27 பேர் ஒரு பக்கம், 27 பேர் எதிர்ப்பக்கம் என்று நடக்கவிட்டு, ஒரு பக்கத்தில் மூன்றே மூன்று பேரிடம் மட்டும் கைப்பேசியில் கணக்குப் போடச் சொன்னார்கள். அந்த மூன்று பேர் முன்வரிசையில் இருந்தபோது மொத்தக் கூட்டத்துக்கும் வரிசை சேரத் தாமதமானது. எதிரே வருகிறவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்பதை அவர் உடம்பைப் பார்த்தே நாம் ஊகிக்கிறோம். பதிலுக்கு அவரும் நம்மைப் பார்க்க வேண்டும். ஒருவர் பார்க்காவிட்டால் இரண்டு பேர் நடையும் அறுகிறது. நடக்கும்போது கைப்பேசியைப் பையில் போடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சிக்னல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் அம்மாவோ அப்பாவோ உங்களிடம் வந்து தங்கினால் அதுதான் பெரிய பிரச்சினையாக இருக்கும். மனிதன் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துத்தான் பொதுவாகப் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்குப் போடுகிறோம். 21 மீட்டர் அகலச் சாலை என்றால் பதினேழரை நொடி. இங்கிலாந்தில் 65 வயசு தாண்டியவர்களை அளந்து பார்த்தபோது ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8 மீட்டர்தான். அந்த வேகத்தில் அதே சாலையைக் கடக்க ஒரு அம்மாவுக்கு 26 நொடி வேண்டும். மிச்சம் எட்டு நொடி அவர் வண்டிகளுக்கு நடுவில் நிற்பார். இந்தக் கணக்கை நானே பல வரைபடங்களில் போட்டிருக்கிறேன், போடும்போதெல்லாம் என் தாயார் ஞாபகம் வரும். சிங்கப்பூரில் 2009 முதல் பெரியவர்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தொட்டால் பச்சை சில நொடிகள் கூடுதலாக எரியும்படி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த வசதிகளிலேயே இவ்வளவு மரியாதையான வசதி வேறு இல்லை. நம் ஊர்களுக்கும் இது வர வேண்டும்.

பாதை எப்படி இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெரு என்றால் அதைவிட அதிகம், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. 1.8 மீட்டர் என்பது சும்மா வந்த எண் இல்லை. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே ஒன்றையொன்று கடக்க அவ்வளவு வேண்டும். ஒரு ஆளுக்குத் தோள் அகலமும் அசைவும் சேர்த்து இரண்டடி (சுமார் 60 சென்டிமீட்டர்) என்று 1971லேயே ஜான் ஃபுரூயின் என்கிற அமெரிக்கப் பொறியாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பை, குடை, குழந்தை எல்லாம் அதற்கு மேல்தான். 150 மில்லிமீட்டர் என்பது வீட்டு மாடிப்படியின் ஒரு படி. அதற்கு மேல் உயர்ந்தால் முழங்கால் வலிக்காரர் ஏறமாட்டார், ரோட்டிலேயே நடந்துவிடுவார். மழைத்தண்ணீர் ஏறக்கூடாது என்று ஒரு முழம் உயரத்துக்குக் கட்டிய பிளாட்பாரங்களை நானே அளந்திருக்கிறேன். அவற்றின் மேல் ஆள் நடந்து நான் பார்த்ததில்லை, பைக் நிற்கத்தான் பார்த்திருக்கிறேன்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையே வகுத்தது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. அந்த எண்ணத்தின் வழியில் வந்ததுதான் 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம். போய் நடந்து பாருங்கள், நான் சொல்கிற அடிக்கணக்கை அங்கே எண்ணுங்கள். அறுபடாமல் இருநூறு, முந்நூறு அடி சுலபமாக வரும். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைமேடை திறந்தார்கள். பெட்டியோடு ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நடப்பவனை மேலே ஏற்றிவிட்டுத் தரையை வண்டிக்குக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தெரு முதலில் நடப்பவனுடையது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நடைபாதை இருந்த இடத்தில் அது நடக்கும்படி இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் ரோட்டில் இறங்கியிருக்கவே மாட்டார்கள்!

இப்போது நம் ஊர்ப்பக்கம். காரைக்குடி திரும்பியதும் அதே நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கானாடுகாத்தான் போனேன். நம் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுபவை, தெரியும் உங்களுக்கு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் என்று வீடு தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும். பக்கவாட்டுச் சந்தில் நடந்தால் ஒரு வீட்டின் மதிலே முடிய மாட்டேன் என்னும். நகர வடிவமைப்பில் ஒரு பாடம் சொல்வார்கள்: நடப்பவன் கண்ணுக்குச் சில நொடிக்கு ஒரு தரம் புதிதாக ஏதாவது கிடைக்க வேண்டும், வெறும் மதில் சலிப்பூட்டும். டென்மார்க்கின் யான் கேல் போன்றவர்கள் இதை வற்புறுத்தியவர்கள், கடைத்தெருக்களுக்கு அது ரொம்பவும் சரி. ஆனால் அன்று காலை அந்த மதில் ஓர நிழலில் நான் 412 அடி ஒரே இழுப்பில் நடந்தேன். எண்ணிக்கையை விட்டுவிடக் கூடாதே என்ற ஒரே கவலையைத் தவிர மனசில் எதுவும் இல்லை. என் செருப்புச் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டு எனக்கே திரும்பக் கேட்டது. ஒரு வீட்டு முகப்பில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா, "யாரு, ஏதும் அளக்க வந்தீகளா?" என்று கேட்டபோதுதான் நின்றேன். சுண்ணாம்பு மதிலைப் பார்த்துக்கொண்டே நடப்பதில் எனக்குச் சலிப்பு தட்டவில்லை. பாடத்தில் சொன்னதைவிட அறுபடாத அடி பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

அதே நோட்டோடு அன்று சாயங்காலம் காரைக்குடி செக்காலை ரோட்டில் நடந்தேன். கடை வாசலில் நிற்கும் பைக்குகள், வெளியே இழுத்து வைத்த பொம்மை, குறுக்கே நிற்கும் ஆட்டோ. அதிகபட்சம் 40 அடி. கல்லுக்கட்டிப் பக்கம் அதைவிட மோசம். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடியின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான், சென்னையோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. ஆனாலும் நடை அறுபடுவதற்குப் பெருநகரமாக இருக்கத் தேவையில்லை என்று தெரிகிறது. 2024இல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. இனிமேல் ரோடு அகலமாகும், நடுவில் தடுப்புச் சுவர் வரும். அப்போது ஓரத்தில் 1.8 மீட்டர் விடுவார்களா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். வார்டு கூட்டம் நடக்கும்போதெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

சரி, நாளைக் காலை நீங்கள் என்ன செய்யலாம்? மெட்ரோவுக்குப் போகப் பெரிய ரோட்டை விடுங்கள். அதற்கு இணையாக உள்ளே ஒரு தெரு கட்டாயம் இருக்கும். நூறு மீட்டர் கூடுதலாக இருந்தாலும் அதில் போங்கள். சென்னையின் உள்தெருக்களில் காலை எட்டு மணி வரை நடுரோட்டிலேயே நடக்கலாம், மர நிழலும் இருக்கும். எத்தனை அடி அறுபடாமல் வருகிறது என்று இரண்டு வழியிலும் ஒரு தரம் எண்ணிப் பாருங்கள், நீங்களே வழியை மாற்றிக்கொள்வீர்கள். பாதை இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக நடந்தால் கண்ணுக்குத் தெரிந்து ஒதுங்கலாம். அகலமான இடத்தில் ஒரு நிதானமான ஆளைப் பார்த்து அவர் அடியோடு உங்கள் அடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நத்தம் ரோட்டில் செய்த மாதிரி. உங்களைத் தாண்டுகிறவர்களோடு போட்டி வேண்டாம், அடுத்த சிக்னலில் அவர்களும் உங்களோடுதான் நிற்பார்கள். வாரத்தில் ஒரு நாளாவது மெரினாவில் விடியற்காலையில் கடலோரப் பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வாருங்கள். காலுக்கு அதன் பழைய தாளம் மறந்துபோகாமல் இருக்க அது ஒன்று போதும்.

செருப்பை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அலுப்பு அதனால் போகாது. ஆனால் பிளாட்பாரத்தில் பதித்திருக்கும் வழவழப்பான கல் மழைக்காலத்தில் வழுக்கும், வடிகால் மூடியில் விரல் இடிபடும். நம் ஊரில் போட்டு நடந்த அந்த மெல்லிய தோல் செருப்பு அங்கே வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த, அடியில் நல்ல பிடிப்புள்ள செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தோல் செருப்பைப் பொங்கலுக்கு வரும்போது ஊருக்கு எடுத்து வந்துவிடுங்கள்.